கடைந்த மரப்பேனா மூன்றே வாரத்தில் மங்குவது ஏன்?

கேள்வி சுருக்கமாக இதுதான். புதிதாக ஒரு சின்ன லேத் வாங்கி, பூவரசுத் துண்டில் ஸ்லிம்லைன் கிட் (மரத்துக்குள் ஒட்டுகிற பித்தளைக் குழாயும் பேனாவின் உலோகப் பாகங்களும்) போட்டு முதல் பேனாவைக் கடைந்திருக்கிறீர்கள். 400 நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்து, ஃபிரிக்‌ஷன் பாலிஷ் இரண்டு கை கொடுத்தீர்கள். லேத்திலிருந்து இறக்கும்போது கண்ணாடி மாதிரி மின்னியது. மூன்று வாரம் சட்டைப்பையில் இருந்த பிறகு, விரல் பிடிக்கும் இடம் மங்கி, தொட்டால் லேசாகச் சொரசொரக்கிறது. வெயிலில் திருப்பிப் பார்த்தால் மரத்தில் வளையம் வளையமாகக் கோடுகள் தெரிகின்றன. எண்ணெய் போட்டிருக்க வேண்டுமா, மெழுகா, இல்லை எல்லாரும் சொல்கிற சூப்பர் குளூவா என்று கேட்கிறீர்கள்.

முதலில் ஒன்று. முதல் பேனாவிலேயே மரம் வெடிக்காமல், சிதறாமல், இரண்டு துண்டும் நேராக வந்திருக்கிறது என்றால் கடைசல் வேலை உங்கள் கைக்கு வந்துவிட்டது. மீதி மெருகு வேலைதான். அது பொறுமை கேட்கும், ஆனால் கஷ்டமான வேலை இல்லை.

நீங்கள் சொல்வதில் இரண்டு வேறு வேறு குறைகள் இருக்கின்றன. வளையக் கோடுகள் உப்புத்தாளால் வந்தவை. மங்கலும் சொரசொரப்பும் பாலிஷால் வந்தவை. புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு பாட்டில் மாற்றிப் பாட்டில் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். கோடு இருக்கிற மரத்தில் எதைப் பூசினாலும் கோடு இன்னும் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான். அதனால் உப்புத்தாளிலிருந்தே தொடங்குகிறேன்.

மேஜைப் பலகையை இழைக்கிற ஆசாரி எப்போதும் மர ரேகையின் ஓட்டத்திலேயே தேய்ப்பார். லேத்தில் அது நடக்காது. மரம் சுழல்கிறது, தாள் ஒரே இடத்தில் நிற்கிறது, ஆகவே ஒவ்வொரு மணலும் ரேகைக்குக் குறுக்கே ஒரு வளையத்தைக் கீறிவிட்டுப் போகிறது. 150-ல் தொடங்கினால் 150-ன் வளையம். அடுத்து 240 போடும்போது அதுவும் அதே திசையில்தான் கீறுகிறது. பழைய கோடு போய்விட்டதா, புதுக் கோட்டுக்குள் ஒளிந்திருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. பாலிஷ் ஏறிய பிறகுதான் அது வெளியே வரும்.

இதற்கு ஒரே வழி, ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் லேத்தை நிறுத்துவது. நிறுத்திவிட்டு, அதே நம்பர் தாளால், பேனாவின் நீளவாக்கில், கையால் தேய்க்க வேண்டும். இடது கையால் ஸ்பிண்டிலை, அதாவது மரத்தைச் சுழற்றும் தண்டை, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். வளையங்கள் எல்லாம் மறைந்து நீளக் கோடுகள் மட்டும் இருக்கும்வரை தேயுங்கள். அப்புறம் தூளைத் துடைத்துவிட்டு அடுத்த நம்பர். இப்போது லேத்தை ஓட்டித் தேய்க்கும்போது, நீளக் கோடு ஏதாவது மிச்சம் இருந்தால் குறுக்கே தனியாகத் தெரியும். 150, 240, 320, 400, 600 என்று ஐந்து படி. நடுவில் எதையும் தாண்டாதீர்கள். 240-லிருந்து நேராக 600-க்குப் போனால், 600 அந்தக் கோட்டின் ஓரத்தை மினுக்குமே தவிரக் கோட்டை எடுக்காது.

தூளைத் துடைப்பதை லேசாக நினைக்காதீர்கள். 150-லிருந்து உதிர்ந்த ஒரு மணல் 400 தாளுக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டினால், அந்த ஒரு மணல் ஐந்து நிமிட வேலையைக் கெடுத்துவிடும். நான் ஸ்பிரிட் தொட்ட டிஷ்யூவால் துடைக்கிறேன். அதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஸ்பிரிட் ஈரத்தில் மரம் சில விநாடிகளுக்குப் பாலிஷ் போட்டதைப் போலவே தெரியும். அந்தச் சில விநாடிக்குள், மேஜை விளக்கையோ செல்போன் டார்ச்சையோ பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து விழுகிற வெளிச்சத்தில் ஒளிந்திருந்த கோடு, பக்க வெளிச்சத்தில் வயலில் ஏர் உழுத சால் மாதிரி எழுந்து நிற்கும். கோடு தெரிந்தால், மனம் வராவிட்டாலும், ஒரு நம்பர் பின்னால் போங்கள்.

அழுத்தித் தேய்க்க வேண்டாம். தாளைக் கீழிருந்து லேசாகத் தாங்கினால் போதும். வேகமும் அழுத்தமும் சேர்ந்தால் மரம் சூடேறும், உள்ளே இருக்கிற பித்தளைக் குழாய் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். கருங்காலி மாதிரி இறுகிய மரத்தில் இந்தச் சூடே மயிரிழை வெடிப்பைக் கொண்டுவரும். துண்டைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். உப்புத்தாளும் சும்மா இழுபட்டால் தூக்கிப் போடுங்கள். மழுங்கிய தாள் வெட்டாது, சூடேற்றும்.

இன்னொன்று, வெளிர் நிற மரம் கடையும்போது இரண்டு பக்கமும் இருக்கிற இரும்பு புஷ்ஷை (துண்டைத் தாங்கி, கடைய வேண்டிய அளவைக் காட்டும் வளையம்) தாள் தொட்டால் கறுப்புத் தூள் வந்து மரத்தில் இறங்கும். அதை எடுப்பது பெரும்பாடு. கடைசல் முடிந்ததும் இரும்பு புஷ்ஷைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் கூம்பு புஷ் போட்டுத் தேய்ப்பது நல்லது. புஷ்ஷை நம்பி அளவு வைக்காமல் வெர்னியர் வைத்து கிட்டின் உலோகப் பகுதியை அளந்துகொள்ளுங்கள். தேய்த்துத் தேய்த்து புஷ்ஷும் காலப்போக்கில் சிறுக்கும்.

சரி, இப்போது மங்கிய விஷயம்.

ஃபிரிக்‌ஷன் பாலிஷ் பெரும்பாலும் அரக்கு, ஸ்பிரிட், கொஞ்சம் எண்ணெய் சேர்ந்த கலவை. பெயர் புதிதாக இருந்தாலும் வேலை நமக்குப் பழையது. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களை நினைத்துப் பாருங்கள். கர்நாடகத்தில் சன்னபட்டணாவிலும் இதே கடைசல்தான். வெட்பாலை மரத்தைக் கடைந்து, அது சுழலும்போதே வண்ண அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை மடலை வைத்து அழுத்தி ஓட்டினால் அரக்கு சீராகப் பரவிப் பளபளக்கும். உங்கள் பாட்டிலில் இருப்பது, அந்த அரக்கையே ஸ்பிரிட்டில் கரைத்துத் திரவமாக்கியது. சூடு ஏற்றத் தாழை மடலுக்குப் பதில் டிஷ்யூ பேப்பர்.

அரக்கின் அழகு எனக்கு ரொம்பப் பிடிக்கும். மர ரேகைக்கு உள்ளிருந்து ஒரு வெதுவெதுப்பான மஞ்சள் ஒளியைக் கொடுக்கும், வேறு எந்தப் பூச்சும் அப்படிக் கொடுப்பதில்லை. ஆனால் சொப்புச் சாமான் அலமாரியிலும் குழந்தை கையிலும் மாறி மாறி இருக்கிறது. பேனாவை ஒரே இடத்தில், ஈர விரலால், நாள் முழுக்கப் பிடிக்கிறோம். அரக்குப் படலம் மெல்லியது, வியர்வையும் சூடும் சேர்ந்தால் இளகும். ஸ்பிரிட்டில் கரைந்த பொருள் ஸ்பிரிட் பட்டால் மறுபடி கரையும் என்பதையும் நினைவில் வையுங்கள். கொரோனாக் காலத்தில் சானிடைசர் தடவிய கையோடு பேனாவைப் பிடித்து, ஒரே நாளில் பிசுபிசுத்துப்போன அரக்குப் பேனாக்கள் என்னிடமே மூன்று திரும்பி வந்தன. படலம் தேய்ந்து போனதும் வியர்வையின் ஈரம் மரத்துக்குள் இறங்கி நார் எழும்புகிறது. உங்கள் விரலுக்குத் தெரிகிற சொரசொரப்பு அதுதான்.

அரக்கைக் கைவிடச் சொல்லவில்லை. எப்போதாவது கையெழுத்துப் போட எடுக்கிற பேனாவுக்கு அது போதும். போடும் முன் மரத்தை ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, எழும்பிய நாரை 600 தாளால் தட்டிவிடுங்கள், பிறகு எழும்புவது குறையும். பாலிஷைச் சில சொட்டு மட்டும் எடுத்து, லேத் ஓடாதபோது மரத்தில் தடவி, பின்பு வேகமாக ஓட்டி, டிஷ்யூவால் சூடு தெரியும்வரை அழுத்துங்கள். இரண்டு கை போதாது, ஐந்தாறு மெல்லிய கை வேண்டும்.

மெழுகைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், கை பட்டாலே பிசுபிசுக்கும். பிரேசில் நாட்டுப் பனை ஓலையிலிருந்து எடுக்கிற கார்னோபா மெழுகு 82 டிகிரிக்கு மேல்தான் உருகும், இறுகலானது. ஆனாலும் மெழுகு தனியாக ஒரு பூச்சு ஆகாது. மற்றதன்மேல் கடைசியாக ஒரு தடவல், அவ்வளவே.

எண்ணெய் வேறு கதை. ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் மரத்துக்குள் இறங்கிக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகின்றன. தொடுவதற்கு மரமாகவே இருக்கும், அந்த உணர்வை விரும்புகிறவர்களுக்கு ஈடு கிடையாது. ஒவ்வொரு கைக்கும் ஒரு நாளாவது காயவிட வேண்டும், நாலைந்து கை வேண்டும், பளபளப்பு மிதமாகத்தான் வரும். இதில் ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். இறுகும்போது அது சூட்டை வெளிவிடும், சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

தினமும் எழுதுகிற பேனாவுக்கு என் பதில் சூப்பர் குளூதான். பேனா கடைகிறவர்கள் சி.ஏ. என்பார்கள், சயனோஅக்ரிலேட். நம் ஊர் ஃபெவிக்விக்கும் அந்தக் குடும்பமே. அது மரத்தின் மேல் காய்ந்து நிற்கும்போது ஒட்டுப்பொருளாக இருப்பதில்லை, தெளிவான, கடினமான ஒரு பிளாஸ்டிக் உறையாக மாறிவிடுகிறது. 1942-ல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக்கில் ஹாரி கூவரும் கூட இருந்தவர்களும் துப்பாக்கியின் குறிகாட்டிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இந்தப் பொருளைப் பார்த்தார்கள். தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டதால் ஒதுக்கிவிட்டார்கள். 1958-ல்தான் பசையாகக் கடைக்கு வந்தது. தொட்டதிலெல்லாம் ஒட்டுவதற்குக் காரணம், எல்லாப் பொருள்மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருப்பதும் அந்த ஈரம் பட்டவுடன் இது இறுகுவதும்தான். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் சி.ஏ. பண்ணுகிற சேட்டைகளில் பாதி புரிந்துவிடும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் ஐப்பசி மழையில் பூசினால் சட்டென்று இறுகி, வெள்ளை பூத்தாற்போல் மூட்டம் கட்டும். அதே வேலை வைகாசி வெயிலில், வறண்ட காற்றில் பளிங்கு மாதிரி வரும். மழை நாளில் அவசரம் வேண்டாம், மெல்லிய கையாகக் கொடுத்து, ஒவ்வொன்றையும் காயவிடுங்கள். பாட்டிலை இறுக மூடி, சிலிக்கா ஜெல் பையோடு ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம். எடுத்தவுடன் திறக்காதீர்கள், குளிர்ந்த பாட்டிலுக்குள் காற்றின் ஈரம் படியும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

பூசும் முறையைச் சொல்கிறேன். மரம் 600 வரை தேய்த்துச் சுத்தமாக இருக்கட்டும். அளவு, உலோகப் பகுதியைவிட மயிரிழை குறைவாக இருக்கட்டும், பூச்சின் கனத்துக்கு அந்த இடம் வேண்டும். ஈட்டி, தேக்கு போன்ற எண்ணெய்ப் பசை உள்ள மரமானால் அசிட்டோனால் துடைத்துவிட்டு, அது பறந்தவுடனே வேலையைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் சில மாதத்தில் பூச்சு தோல் மாதிரி உரியும். லேத்தை அதன் மிகக் குறைந்த வேகத்துக்குக் கொண்டுவாருங்கள், 500 சுற்று இருந்தால் சரி. டிஷ்யூவை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்துத் துண்டின் அடியில் பிடித்து, மேலிருந்து மெல்லிய சி.ஏ.வை மூன்று நான்கு சொட்டு விட்டுக்கொண்டே இடமிருந்து வலம் ஒரே ஓட்டமாக இழுங்கள். திரும்ப ஒரு ஓட்டம். அவ்வளவுதான், கையை எடுத்துவிடுங்கள். "அந்த ஓரத்தில் கொஞ்சம் விட்டுப்போச்சே" என்று மறுபடி தொட்டால் பாதி இறுகிய பூச்சில் டிஷ்யூ ஒட்டிப் பள்ளம் விழும். அதை அடுத்த கை பார்த்துக்கொள்ளும்.

மெல்லியது இரண்டு மூன்று கை மரத்தில் ஊறி அடித்தளம் போடும். அதன்மேல் நடுத்தரக் கனமுள்ள சி.ஏ. ஐந்தாறு கை. ஒவ்வொரு கைக்கும் நடுவில் சில நிமிடம் விடுங்கள். சீக்கிரம் காயவைக்கிற ஆக்சிலரேட்டர் ஸ்ப்ரே விற்கிறார்கள். முடிந்தால் அதைத் தொடாதீர்கள், போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு முழம் தள்ளி நின்று ஒரு பூத்தூறல் மட்டும். கிட்டே வைத்து அடித்தால் மேல்தோல் கொதித்து, உள்ளே நுண்ணிய வெள்ளைக் குமிழ் நிற்கும். அதை எடுக்க மொத்தத்தையும் கடைந்துதான் ஆக வேண்டும்.

பாதுகாப்பில் இரண்டு விஷயம் முக்கியம். பனியன் துணி, பஞ்சு, பருத்திக் கையுறை எதையும் சி.ஏ.வோடு சேர்க்காதீர்கள். பருத்தியில் ஊறினால் கடும் சூடு கிளம்பி விரலைச் சுட்டுவிடும். சுழலும் லேத்தில் துணி சுற்றிக்கொண்டால் விரலையும் சேர்த்து இழுக்கும் என்பது தனி ஆபத்து, டிஷ்யூ கிழிந்து விட்டுவிடும். டிஷ்யூவிலும் அதிகமாக ஊற்றினால் சூடேறும், அதனால்தான் சொட்டுக் கணக்கு. அடுத்தது ஆவி. இறுகுகிற நேரத்தில் வருகிற ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்து, ஜன்னல் திறந்த அறையில் செய்யுங்கள்.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். பூச்சு முடிந்த பேனா பார்ப்பதற்கு அழகாக இருக்காது, மேடு பள்ளமாக, ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கும். ஒரு இரவு விட்டுவிட்டு மறுநாள் தண்ணீர் தொட்ட 600 நம்பர் வாட்டர் பேப்பரால் மெதுவாகத் தேயுங்கள். சில சுற்றுக்குப் பிறகு துடைத்துப் பாருங்கள். மேடுகள் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும், பள்ளங்கள் மட்டும் ஈ இறகு மாதிரி அங்கங்கே மினுக்கும். அந்த மினுக்கல் புள்ளி ஒன்று மிச்சம் இருக்கும்வரை தேய்ப்பு முடியவில்லை என்று அர்த்தம். முழுக்க ஒரே சீராக மங்கினால்தான் சமம். தேய்க்கும்போது வழிகிற நீரையும் கவனியுங்கள். பால் மாதிரி வெளுத்து வந்தால் பூச்சுதான் தேய்கிறது. பழுப்பு நிறம் கண்டால் மரத்தைத் தொட்டுவிட்டீர்கள், நிறுத்திக் காயவைத்து, அந்தத் துண்டுக்கு மறுபடி பூச்சு கொடுங்கள். அந்த இடத்துக்கு மட்டும் ஒட்டுப் போட்டால் எல்லை தெரியும்.

சமமான பிறகு மைக்ரோ மெஷ் என்கிற மிக நுண்ணிய தேய்ப்புப் பட்டைகள். 1500-ல் தொடங்கி 12000 வரை ஒன்பது பட்டைகள், எல்லாமே ஈரத்தோடு. இங்கும் ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தி நீளவாக்கில் தேய்ப்பது உண்டு. 3600 தாண்டும்போது ஜன்னல் கம்பியின் பிம்பம் பேனாவில் விழத் தொடங்கும். 12000 முடிந்ததும் கம்பி வளையாமல் தெரியும். கடைசியாகக் காருக்குப் போடுகிற பாலிஷோ, பித்தளை விளக்கு துலக்குகிற பிராஸோவோ ஒரு துளி போதும். ஈரத் தேய்ப்பு முழுவதும் பூச்சின்மேல்தான். பூச்சில்லாத மரத்தில் தண்ணீர் வைத்துத் தேய்க்க வேண்டாம்.

பேனாவின் பூச்சு ஒட்டு விட்டு உரிவது பெரும்பாலும் முனையிலிருந்து தொடங்கும். நான் பழகிய காலத்தில், பணி ஓய்வு பெற்ற மாமாவுக்கு ஈட்டி மரத்தில் ஒரு பேனா கடைந்து கொடுத்தேன். பூச்சு புஷ்ஷோடு ஒட்டியிருந்ததைப் பலமாக முறுக்கிப் பிரித்ததில், முனையில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு தெறித்திருந்தது. சின்னதுதானே என்று விட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தச் சில்லிலிருந்து ஈரம் ஏறி, பாதிப் பேனா வெள்ளை மூட்டமாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் அதிலேயே எழுதிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பிளாஸ்டிக் கூம்பு புஷ்தான். பாலிஎத்திலீன் மாதிரிப் பிளாஸ்டிக்கில் சி.ஏ. சரியாக ஒட்டாது, லேசாகத் திருகினால் விட்டுவிடும். இரும்பு புஷ்தான் இருக்கிறது என்றால் மெழுகு தடவி வையுங்கள், பிரிக்கும் முன் சந்தில் கூரிய கத்தியால் ஒரு சுற்றுக் கீறிவிடுங்கள். பிரித்ததும் முனையைத் தட்டையான 400 தாளில் செங்குத்தாக வைத்து இரண்டு தேய்ப்பு, பிறகு வெட்டுமுகத்தில் விரல் நுனியால் ஒரு சொட்டு மெல்லிய சி.ஏ. தடவி (பருத்தி அல்லாத கையுறை போட்டுத்தான்) மூடிவிடுங்கள். குழாயின் உள்ளே வழிந்த பசையைச் சுரண்டி எடுங்கள். கிட்டை அழுத்திச் செருகும்போது உள்ளே ஒரு துணுக்கு இருந்தாலும் மரம் விரிந்து பூச்சு வெடிக்கும்.

பழகுவதற்கு விலை கொடுத்து மரம் வாங்காதீர்கள். சீமைக்கருவேலம் போதும். நாம் கரி சுடுகிற இந்த மரத்தின் நெருங்கிய உறவைத்தான் டெக்ஸாஸ் பக்கத்தில் மெஸ்கீட் என்று சொல்லி, கடைசல்காரர்கள் விரும்பித் தேடி எடுக்கிறார்கள். காய்ந்தால் அதிகம் சுருங்காது, உறுதியானது, தேய்த்தால் செம்பழுப்பில் ஜொலிக்கும். நன்றாகக் காய்ந்த துண்டாகப் பாருங்கள். பச்சை மரத்தில் என்ன பூசினாலும் மரம் சுருங்கிக் குழாயின்மேல் வெடித்துவிடும். ஒரே மரத்தில் நாலு துண்டு கடைந்து, ஒன்றுக்கு அரக்கு, ஒன்றுக்கு எண்ணெய், இரண்டுக்கு சி.ஏ. போட்டு ஒரு மாதம் மாற்றி மாற்றி எழுதிப் பாருங்கள். எது உங்கள் கைக்கு ஒத்துவருகிறது என்று விரலே சொல்லும்.

உங்கள் பூவரசுப் பேனாவைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டாம். அழுத்திச் செருகிய கிட்டைக் கழற்றுவதில் மரம் உடைய வாய்ப்பு அதிகம். அரக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு, புதுக் கை பழைய கையைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். மங்கின இடத்தை 600 தாளால் நீளவாக்கில் லேசாகத் தட்டி, டிஷ்யூவில் ஒரே ஒரு சொட்டுப் பாலிஷ் எடுத்து, கையாலேயே வேகமாகத் துடைத்து ஓட்டுங்கள். பத்து நிமிடம் விட்டு இன்னொரு முறை. ஒரு நாள் கழித்து கார்னோபா கலந்த மெழுகு தடவித் துணியால் மெருகேற்றுங்கள். வளையக் கோடுகள் இருக்கத்தான் செய்யும். ஆனால் சொரசொரப்பு போய்விடும், மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் முதல் பேனா பல வருஷம் எழுதும்.